நீலவாணி இறங்கும் காட்சி

வருஷம் முழுக்க காலண்டரும் டைரியும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகிற ஊரில், காற்றடித்தால் புழுதியோடு வண்ணவண்ணக் காகிதத் துணுக்குகளும் சேர்ந்து பறக்கிற நாகலூரணியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியக் காட்சியில், செண்பகா டாக்கீஸின் திரையில், யாரும் எடுக்காத படம் ஒன்று தானாக ஓடத் தொடங்கியது.

அன்று போட்டிருந்தது ஏதோ பழைய சண்டைப் படம். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் சண்டைக்காரனைக் காணோம். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் ஒரு கறுப்பு ஆறு ஓடியது. அதன் மேல் எலும்பு நிறத்தில் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் கோபுரங்கள் சாய்ந்து நிற்கும் ஒரு கோட்டை. தியேட்டர் முதலாளி தவமணி அண்ணாச்சி மூச்சிரைக்க மாடியேறிப் போய்ப் பார்த்தார். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தான், மெஷின் அணைந்து கிடந்தது, லென்ஸ் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. அவர் இறங்கி வந்து கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, எல்லாரையும் போலப் படத்தைப் பார்த்தார்.

இது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது 'கருநீர் ராஜ்யம்'.

ஆழிவாணன் என்கிறவர் எழுதிய அந்த நாவல், செங்கல் கனத்துக்கு மூன்று பாகம், அந்த ஊரில்தான் அச்சானது. அச்சடித்த தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய் மடிக்கிற பெண்கள் மடித்துக்கொண்டே வாசித்தார்கள். தைக்கிறவர்கள் தைத்துக்கொண்டே வாசித்தார்கள். பக்கம் மாறி, வரிசை மாறி, அறுபதாம் பக்கத்தை முதலிலும் இரண்டாம் பக்கத்தைக் கடைசியிலுமாக வாசித்து, பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்திக்கொண்டார்கள். பாலத்தைக் கடந்தவர் திரும்ப முடியாத அந்த ராஜ்யத்தையும், கோட்டைக்கு அடியில் திறந்து கிடக்கும் நீர்க்கதவையும், பிறந்த ஊரைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. அதைச் சினிமாவில் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஆசைக்குத் தலைவன் சீனிராஜ். பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாமல் தாள் வெட்டுகிறவன் என்று பெயர் வாங்கியவன். கருநீர் வாசகர் சங்கம் அவன் தொடங்கியதுதான். சென்னையில் படக் கம்பெனி என்று பலகை மாட்டிய இடத்துக்கெல்லாம் எழுதிப் போட்டிருந்தான். வந்து பார்த்த ஒரு டைரக்டர், கதையில் ஐந்து பாட்டு வைக்கலாம், ராஜாவுக்கு ஒரு மகளைக் கொடுக்கலாம் என்றபோது, காபிகூட வாங்கித் தராமல் பஸ் ஏற்றிவிட்டான். "எடுத்தா புஸ்தகத்துல இருக்கிற மாதிரி எடுக்கணும். ஒரு எழுத்து மாறக் கூடாது," என்பான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் சுவரோரம் நின்றபடி படம் பார்த்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டைக்குள் போனது.

நடித்திருந்தவர்களும் ஊர்க்காரர்கள்தான். மகுடம் இழந்த ராஜா, கடைவீதி டெய்லர் அழகர்ராஜ். அவருடைய காது மடலில் இருக்கிற மச்சம்கூட அப்படியே தெரிந்தது. பாம்பு மொழி பேசுகிற சூனியக்காரி, எஸ்தர் டீச்சர். அவர்கள் தியேட்டருக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள், தங்களைத் தாங்களே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது நடித்தோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் டெய்லர் கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எஸ்தர் டீச்சர் வகுப்பில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் இருந்தார்கள். திரையில் முகம் வராதவர்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் நிற்கிற வீரனாக வந்த ஒருவனுக்கு அவன் மாமனார் வீட்டார் முக்குச் சந்தியில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மதியக் காட்சிக்கு மட்டும்தான் அந்தப் படம் வந்தது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அதனால் ஊரே மதியத்தில் கடையை அடைத்தது.

பிறகு ஒரு நாள், திரையில் ராஜா பாலத்தைக் கடந்தார்.

அதே நேரம் டெய்லர் அழகர்ராஜ், அவசரத் துணி ஒன்று இருந்ததால் படத்துக்கு வராமல், கடையில் தைத்துக்கொண்டிருந்தார். படம் விட்டு அவர் மனைவி சுப்புத்தாய் கடைக்குப் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே இருந்தது. மிதிகட்டைக்குக் கீழே அவருடைய செருப்பு இருந்தது. அவர் இல்லை.

இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் மதியக் காட்சியில் பார்த்தார்கள், கோட்டை மதிலில் நின்று அவர் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்புத்தாய் முன்வரிசையில் எழுந்து நின்று, "என்னங்க, இங்கங்க," என்று கையை ஆட்டினாள். ராஜா அவள் பக்கம் திரும்பினார். அவள் தலைக்கு மேலாக, அவளைத் தாண்டி, ஏதோ மேகத்தைப் பார்க்கிறவர் போலப் பார்த்துவிட்டு, செந்தமிழில் ஒரு பெருமூச்சு விட்டார்.

அழுதாள். ஆனால் ஊர் அவளை அதிக நாள் அழவிடவில்லை. "ஒம் வீட்டுக்காரரு சாகலயேத்தா, சினிமாவுல இருக்காரு," என்றார்கள். "எத்தன பேருக்குக் கிடைக்கும்?" என்றார்கள். தினம் மதியம் அவளுக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைத்தார்கள். அவள் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், படம் முடிந்ததும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனாள். அடுத்து எஸ்தர் டீச்சர் கடந்தார். கூட்டத்து வீரர்கள் கடந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செருப்பு மிச்சமானது. அந்த வீடுகளின் வாசலில் மற்றவர்கள் கும்பிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் இருட்டுகிறதற்கு முன்பே கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

சீனிராஜுக்கு அப்போதும் பயம் வரவில்லை. புத்தகத்தில் அவர்கள் கடந்தார்கள், அதனால் கடந்தார்கள். அவ்வளவுதான். அவனுக்குப் பயம் வந்தது, இரண்டாம் பாகம் முடிந்து மூன்றாம் பாகம் தொடங்கிய நாளில்.

மூன்றாம் பாகத்தின் முதல் காட்சியில் கறுப்பு ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரி குனிந்து கயிற்றை அவிழ்ப்பாள். நீலவாணி. கதையில் எல்லாருக்கும் பிடித்தவள். ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான். அவள் முகமாக யார் வரப்போகிறார்கள் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. படகுக்காரி கயிற்றை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

சீனிராஜின் மனைவி வெயிலுகந்தாள்.

தியேட்டரே விசிலடித்தது. யாரோ சீனிராஜைத் தோளில் தூக்கினார்கள். அவன் இறங்கத் திமிறினான். மூன்றாம் பாகத்தின் கடைசியில் நீலவாணி கருநீருக்குள் இறங்கி, கோட்டைக்கு அடியில் இருக்கிற நீர்க்கதவை உள்ளேயிருந்து மூடுவாள். மூடாவிட்டால் கோட்டைக்குள் இருக்கிற எல்லாரும் மூழ்கிப் போவார்கள். அவள் வெளியே வருவதாகக் கதையில் இல்லை. அந்த அத்தியாயத்தை வாசிக்கும்போதெல்லாம் சீனிராஜ் அழுவான், சங்கக் கூட்டத்தில் அதை மனப்பாடமாகச் சொல்லி மற்றவர்களையும் அழவைப்பான்.

வெயிலுகந்தாள் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறவள். புத்தகத்தைத் தொட்டதில்லை. "அரைக்கவே நேரம் இல்ல, இதுல ராஜா கதைக்கு எங்க போக?" என்பாள். அன்று அவன் வீட்டுக்குப் போகும் முன்பே செய்தி போய்விட்டிருந்தது. மாவுக்கு வந்த பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, வெட்கமும் கலக்கமுமாக அவனைப் பார்த்தாள்.

"நான் பாலத்துல போவேனா?" என்று தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"இல்ல. நீ படகுக்காரி. இந்தக் கரையிலயே இருக்கிறவ."

"கடைசியில என்ன ஆவும் எனக்கு?"

அவன் பாத்திரத்தில் நுரைத்துக்கொண்டிருந்த மாவைப் பார்த்தான். "கடைசி வரைக்கும் இருப்ப," என்றான்.

அவள் அதை நம்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டினான். பைண்டிங் பட்டறைக் கந்தையாதான் செயலாளர். எல்லாரும் நீலவாணியின் கணவன் என்று அவனுக்கு எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். அவன் உட்காரவில்லை.

"இந்தப் படம் மெஷின்ல இருந்து வரல," என்றான். "நம்ம மனசுல இருந்துதான் வருது. இத்தன வருஷமா நாம எல்லாரும் சேந்து நெனச்சு நெனச்சு வந்துருக்கு. அப்ப நாம எல்லாரும் சேந்து மாத்தி நெனச்சா மாறும்ல? அந்தக் கதவு தானா மூடிக்கிடுச்சுன்னு நெனப்போம். இல்ல, ஒரு பாறை உருண்டு வந்து அடச்சுருச்சுன்னு வச்சுக்கிடுவோம். ஒரே ஒரு காட்சி. கும்பிட்டுக் கேக்குறேன்."

கந்தையாதான் வாயைத் திறந்தான்.

"தலைவரே, நீங்க சொல்லணுமா? மதினிக்கு ஒண்ணுன்னா எனக்கு வலிக்காதா? அண்ணைக்கு அவங்க முகத்தத் திரையில பாத்ததுல இருந்து நான் தெனமும் மாத்தி நெனச்சுப் பாக்கேன். முடியல. பாறை உருளுதுன்னு ஆரம்பிக்கேன், 'நீலவாணி ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள்'னு மனசு அந்த வரிக்குப் போயிருது. வரிக்கு வரி ஏறிக் கெடக்கு. நீங்க ஏத்தி விட்டதுதான்." அவன் குரல் உடைந்தது. "நீங்க முயற்சி பண்ணிப் பாத்தீங்களா?"

சீனிராஜ் பார்த்திருந்தான். அவனுக்கும் முடியவில்லை. கண்ணை மூடினால் அவள் வானத்தைப் பார்த்தாள், படகின் கயிற்றை விட்டாள், இறங்கினாள்.

மறுநாள் காலை, மாவுக் கிரைண்டரைத் துணி போட்டு மூடிவிட்டு, தன் தம்பி வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாம் என்று வெயிலுகந்தாளைச் செங்கோட்டைக்குக் கூட்டிப் போனான். திடீரென்று என்ன என்று கேட்டாள். சாரல் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றான். அவள் சந்தேகத்தோடு சிரித்தாள். தம்பி வீட்டில் அவள் தூங்கும்போது அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே படுத்தான். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தான். பதில் வர அரை நொடி தாமதமானால் கதவைத் தட்டினான்.

நாகலூரணியில் படம் அவளுக்காகக் காத்திருந்தது.

மதியக் காட்சி தொடங்கும்போதெல்லாம் நீலவாணி கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காட்சி முடியும்வரை அப்படியே நின்றாள். காற்றில் சேலைகூட அசையவில்லை. ஆனால் ஆறு நிற்கவில்லை. திறந்திருந்த நீர்க்கதவு வழியாகக் கருநீர் கோட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் முற்றம் போனது. பிறகு படிக்கட்டு போனது. சுப்புத்தாய் முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரின் முழங்காலிலும் இடுப்பிலும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள். அதுவரை அவள் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் நெஞ்சுக்கு வந்த அன்று, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். செந்தமிழ் போய்விட்டது. "சுப்பு," என்றார். "குளுருது சுப்பு."

அந்தச் சாயங்காலமே ஒரு வேன் செங்கோட்டைக்கு வந்தது. சீனிராஜ் வாசலுக்கு ஓடி வந்தான். கத்தியோ கம்போ கொண்டு வந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாலம் கடந்தவர்களின் வீட்டார் சாரலில் நனைந்தபடி, ஆளுக்கொரு செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எஸ்தர் டீச்சரின் அப்பாவுக்கு நிற்க முடியவில்லை, வேன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"மதினி," என்றாள் சுப்புத்தாய், அவனைத் தாண்டி உள்ளே பார்த்து. "வான்னு சொல்ல எனக்கு வாயில்ல. நீங்க என்ன ஆவீங்கன்னு தெரிஞ்சுதான் நிக்கிறேன். ஆனா அவரு குளுருதுங்கிறாரு மதினி. நான் என்ன செய்ய?"

வெயிலுகந்தாள் புருஷனைப் பார்த்தாள். "நான் என்ன ஆவேன்?"

அவன் சுப்புத்தாயின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான்.

"கேட்டப்ப என்ன சொன்னீங்க? கடைசி வரைக்கும் இருப்பன்னு சொன்னீங்க."

"இருப்ப," என்றான். "நீ போறதுதான் கடைசி."

அவள் அவனை அறைந்துவிடுவாள் என்று தம்பி மனைவி நினைத்தாள். அவள் வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்து, சுக்குக் காபி வைத்துக் கொடுத்தாள். பிறகு அவனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"அந்த இடத்தச் சொல்லுங்க. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே."

அவன் சொன்னான். நீலவாணி ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள் என்று தொடங்கி, கதவு மூடியது, கருநீர் தன் பெயரை மறந்தது என்பது வரைக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். எத்தனையோ பேரை அழவைத்த அந்த வரிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று அப்போதும் அவனுக்குத் தெரிந்தது. அதற்காகவே அவற்றை வெறுத்தான்.

அவள் முழுவதையும் கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு," என்றாள். "வாசிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்." கொஞ்ச நேரம் ஓட்டில் விழுகிற சாரலைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

"போக வேண்டாம். கேரளாப் பக்கம் போயிருவோம். யாரும் தேடி வர முடியாது."

"போயி? அங்க கிரைண்டர் போட்டா, மாவு வாங்க வர்ற ஒவ்வொருத்தி முகத்துலயும் சுப்புத்தாய்தான் தெரிவா. அந்த டெய்லரு எனக்கு வளைகாப்புக்கு ரவிக்க தச்சுக் குடுத்தவரு." அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் எப்போதும் பேசுவதில்லை. "நான் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன். அத வந்து சண்ட போட்டுக்கிடுறேன்."

"வர முடியாது உகந்தா."

"யாரு சொன்னா? அந்த ஆளு எழுதல. அவ்வளவுதான?"

மறுநாள் மதியம் தியேட்டரில் நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் பேச்சுச் சத்தமே இல்லை. வெயிலுகந்தாள் சாயம் போன பச்சைச் சேலையில் வந்தாள். காலையில் வந்து ஊறப்போட்ட அரிசியை வடிகட்டி வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சீனிராஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். மாவு அரைத்து அரைத்துச் சுருங்கிப்போன விரல்கள். விளக்கு அணைந்தது. கரையில் முதுகு காட்டி நின்றவள் மெல்லத் திரும்பினாள்.

அவன் இறுக்கிப் பிடித்தான். எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. அவனுடைய நகங்கள் அவனுடைய உள்ளங்கையிலேயே குத்தியபோதுதான், பிடியில் கை இல்லை என்று தெரிந்தது. பக்கத்து நாற்காலி சூடாக இருந்தது. கீழே ரப்பர் செருப்பு கிடந்தது.

திரையில் அவள் வானத்தைப் பார்த்தாள். புத்தகத்து வசனத்தைச் சொன்னாள். அந்தக் குரலில் வெயிலுகந்தாளின் ஒரு இழைகூட இல்லை. கயிற்றை விட்டாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. கருநீர் அவள் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. நெடுநேரத்துக்குப் பிறகு, ஆழத்தில், கல்லோடு கல் உரசி எதுவோ சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் அதிர்ந்தன. திரை இருண்டது.

அதே நேரம், தியேட்டரின் பக்கவாட்டுக் கதவு வெளியேயிருந்து தள்ளப்பட்டு, வெயில் உள்ளே விழுந்தது. வாசலில் டெய்லர் அழகர்ராஜ் தலை முதல் கால் வரை நனைந்து, பல் கிட்டித்து நின்றார். அவர் பின்னால் எஸ்தர் டீச்சர், அவருக்குப் பின்னால் வீரர்கள். பாலம் கடந்தவர் திரும்புவதாகப் புத்தகத்தில் இல்லை, ஆனாலும் வந்திருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. சுப்புத்தாய் தூக்குவாளியோடு ஓடினாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நனைந்த கையால் சோற்றை அள்ளி அள்ளித் தின்றார். அழுகையும் சிரிப்புமாகத் தியேட்டர் வெளியே கொட்டியது. சீனிராஜ் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வீரன் வந்து முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரவில்லை.

ஊர் அதற்கும் பழகியது. முக்குச் சந்தியில் அவளுக்குப் பெரிதாக ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மாலை போட்டார்கள். தாலிக்கயிறு மாற்றுகிற தாலிப்பெருக்கு நாளில் பெண்கள் அதற்கு முன்னால் மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிட்டார்கள். புத்தகம் அதோடு முடிந்ததால், ஊருக்கு அவள் கதையும் முடிந்துவிட்டது. தவமணி அண்ணாச்சி புதுப்படம் போட்டுப் பார்த்தார். ஒளி திரையில் பட்டதும், மணலில் ஊற்றிய தண்ணீர் போலக் காணாமல் போனது. வெள்ளை பூசிப் பார்த்தார், வெள்ளையும் உள்ளே போனது. கடைசியில் தியேட்டரைச் சாத்திவிட்டு, சாவியைச் சீனிராஜிடம் கொடுத்தார்.

அவன் தினமும் மதியம் போய் அந்த இருட்டின் முன்னால் உட்கார்ந்தான். பிரஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டான். ஒரு நாள், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நீலவாணியின் குரல் இல்லை.

"என்னங்க. இருக்கீங்களா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரைக்கு ஓடினான். கையை வைத்தான். துணி இல்லை, சுவர் இல்லை, கை தோள்வரை குளிருக்குள் போனது. எதுவும் தட்டுப்படவில்லை.

"இருக்கேன் உகந்தா. இங்கதான் இருக்கேன்."

"ஒண்ணுமே இல்லங்க இங்க. கதவச் சாத்துனதும் தண்ணியும் இல்ல, கதவும் இல்ல. தரை எங்கன்னு தெரியல. கால எடுத்து வைக்கவே பயமா இருக்கு. ஒரே இடத்துல நிக்கிறேன்." மூச்சு வாங்கினாள். "இன்னும் எவ்வளவு நேரம் நிக்க முடியும்னு தெரியல."

அன்றைக்கே பஸ் ஏறி, ஆழிவாணன் வீட்டுக்குப் போனான். உப்பளங்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. எழுத்தாளர் எழுபதைத் தாண்டியவர், பனியனோடு வந்து கதவைத் திறந்தார். நாகலூரணி என்றதுமே அவர் முகம் வெளிறியது. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். போன் அடித்தாலே எடுப்பதில்லை என்று அவர் மகள் சொன்னாள்.

"கதவச் சாத்துன என் சம்சாரம் உள்ள நிக்கிறா. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு ஐயா?" என்று கேட்டான் சீனிராஜ்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் யோசிக்கவே இல்ல தம்பி. கதவு மூடுச்சுன்னு எழுதினதும் ஒடம்பெல்லாம் சிலிர்த்துது. அதோட விட்டுட்டேன். வாசிச்சவங்களும் அதத்தான் கொண்டாடினாங்க."

"இப்ப யோசிங்க. நீங்க எழுதுனதுதான் அங்க இருக்கும், ஒரு வரி போதும். வந்து சொல்லுங்க."

பெரியவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நான் ஒரு வரி சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா? படின்னு சொல்லி, அது படியா இல்லாம பள்ளமா இருந்துச்சுன்னா? எனக்கு நீலவாணியத்தான் தெரியும். சாகிறதுக்குன்னே நான் செஞ்ச பொம்மை அவ. உங்க சம்சாரத்த எனக்குத் தெரியாதே. அவங்க எதுல கால் வைப்பாங்க, எதுல வைக்க மாட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவனுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

திரும்பி வந்து தியேட்டரைத் திறந்தபோது மறுநாள் மதியமாகியிருந்தது. இருட்டு கொஞ்சம் வெளியே வந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளைக் காணோம்.

"உகந்தா."

"ம்." குரல் தேய்ந்திருந்தது. "கால் மரத்துப் போச்சு."

அவன் இரண்டாம் வரிசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழ்நாளில் அவன் எதையும் இட்டுக்கட்டியதில்லை. யாரோ போட்ட கோட்டில் வெட்டியிருக்கிறான், யாரோ எழுதிய வரியைச் சொல்லியிருக்கிறான். விளக்கு என்று சொல்லலாம். அது அவள் சேலையில் பற்றினால்? கதவு என்று சொல்லலாம். அதைத் திறந்தால் எது நிற்கும்? அவன் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் அவளைக் கொல்லத் தெரிந்ததாக இருந்தது. சும்மா இருந்தாலும் அவள் விழுந்துவிடுவாள்.

"உன் வலது கால் பக்கம்," என்று தொடங்கினான். நிறுத்தி, மறுபடி சொன்னான். "வலது கால் பக்கம் ஒரு படி இருக்கு."

அவன் இருட்டுப் பக்கம் காதைச் சாய்த்தான்.

"எவ்வளவு உசரம்?" என்றாள்.

"நம்ம வீட்டுப் பின்வாசல் படி அளவு. கருங்கல். வழுக்காது."

பாதம் எதையோ துழாவுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி துழாவியது. அவன் மூச்சை விடவில்லை. பிறகு, மரத்துப்போன கால் ஒன்று கல்லில் ஊன்றி, ஒரு உடம்பின் பாரம் மேலே ஏறுகிற சத்தம்.

"இருக்குங்க," என்றாள். குரல் முன்னைவிடக் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், பக்கத்தில் கேட்டது. "ஏறிட்டேன். அடுத்தது?"

சீனிராஜுக்கு அடுத்தது தெரியவில்லை. முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.